இரண்டு கையும் ஸ்டியரிங்கில்

மார்ச் 4

அன்புள்ள ஒற்றுக்கு,

நலமா? கண் எரிச்சல் தேவலையா? இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். இங்கே நீ கை வைக்க முடியாதே, அதற்காகத்தான்.

ஐந்து வருஷமாக நான் ஆம்புலன்சில் உட்கார்ந்து, அடுத்த அழைப்பு வரும்வரை, வண்டியில் நடந்ததைப் போனில் எழுதுகிற ஆப் ஒன்றில் ஒரு விரலால் தட்டுகிறேன். நீ பத்திரிகை ஆபீஸ் மேஜையில் இருந்தபடி அதே ஆப்பைத் திறந்து, விட்டுப்போன ஒற்றெல்லாம் போட்டு நம் வலைப்பதிவில் வெளியிடுகிறாய். வெளியானபின் நான் திரும்பிப் படித்ததே இல்லை. அதற்கு எங்கே தெம்பு?

நேற்று ஒரு பெண் என் வண்டியைத் தேடி வந்தாள். போன மாதம் வழியிலேயே உயிர் போன டெய்லரம்மாவின் மகள். தெருவையும் தேதியையும் வைத்து நம் பதிவைக் கண்டுபிடித்திருக்கிறாள். போனை நீட்டி, "அண்ணா, எங்கம்மா கடைசியா உங்க கையைத்தான் பிடிச்சிருந்தாங்களா?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் போனபிறகு ஆப்பில் பழைய வடிவத்தைத் தேடி எடுத்தேன். நான் எழுதியது பத்து வரி. நீ போட்டது இரண்டு பக்கம், அதில் அந்தம்மா என் கையைப் பிடித்தபடி போனதாக. ஏன்டா, ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். யார் வந்து எந்தக் கையைப் பிடிப்பது?

பதில் எழுது.

உன்
சைரன்


மார்ச் 9

அன்புள்ள சைரனுக்கு,

திட்டு கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒற்றுதான் போட்டேன், சத்தியமாக. அப்புறம் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதற்கு முப்பது பேர் உருகி உருகி எழுதினார்கள். நாளெல்லாம் அடுத்தவன் எழுதிய விளம்பரத்தையும் இரங்கல் செய்தியையும் திருத்துகிறவனை யார் பாராட்டுகிறார்கள், சொல்? "டிரைவர் சார், அழவச்சிட்டீங்க" என்று உன்னைத்தான் சொன்னார்கள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. அப்படியே பழகிவிட்டது.

இன்றே பழையபடி மாற்றிவிடலாம். ஆனால் அந்தப் பெண் மறுபடி திறந்து பார்த்தால்? அவளுக்கு ஆறுதலாகத்தானே இருக்கிறது. விட்டுவிடேன். யாருக்கு என்ன நஷ்டம்?

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
ஒற்று


மார்ச் 22

ஒற்று,

யாருக்கு நஷ்டம் என்று கேட்டாய். எனக்குத்தான். அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஆம்புலன்ஸ் சுற்றிப் போகலாமா, நீயே சொல்.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்கே போய்விட்டேன். "நான் சொன்னது பொய்ம்மா. நான் ஓட்டிக்கிட்டிருந்தேன். உங்கம்மா கையைப் பிடிக்கலை" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "ஏதாவது பேசினாங்களா?" என்றாள்.

"பின்னாடி இருந்த நர்ஸ்கிட்ட ரெண்டு தடவை சொன்னாங்க. பெயிண்டர் சட்டைக்கு இன்னும் பட்டன் வைக்கலையேன்னு."

எழுந்து போய் ஒரு நீலச் சட்டையை எடுத்துவந்தாள். பட்டன் இல்லை. "யாருதுன்னே தெரியாம ஒரு மாசமா வச்சிருக்கேண்ணா" என்றாள். அங்கேயே தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணு தெரியலை, நூல் கோத்துக் குடுங்க" என்றாள். கோத்துக் கொடுத்தேன். ஐந்து பட்டனையும் தைத்து முடித்தாள்.

நான் எழுதிய பத்து வரியில் அந்தச் சட்டை இருந்தது. நீ வெட்டியிருந்தாய்.

ஆப்பில் உன் பெயரை எடுத்துவிட்டேன். கோபம் இல்லை, அலுப்புதான். இனி பிழையோடு வரட்டும். உனக்கு எழுத வருகிறது. உன் பேரில் எழுது, நான் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போலச் சாப்பிட வா. வர மனம் இல்லாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அந்தப் பத்து வரியை அப்படியே போட்டேன். மூன்று நாளில் ஒரே ஒரு பின்னூட்டம்.

"அண்ணா, பெயிண்டர் வந்து வாங்கிட்டுப் போனாரு."

சைரன்