நம் வீட்டு ஜெபக்கூட்டம்

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கை நடுக்கம் குறைந்து, நன்றாகச் சாப்பிட முடிகிறதா? ஸ்டெல்லா கேட்டால், அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நம் வீட்டில் நடந்தது. நம் முறை வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பேன் அல்லவா? இந்தத் தடவை சபைப் பெண்களே பாயோடு வந்துவிட்டார்கள். நீங்கள் உடைத்த தாழ்ப்பாளை மறைத்துக்கொண்டு நின்றேன். பொற்கொடி அக்கா பார்த்துவிட்டார்.

"எங்க ஊட்டுக்காரரும் ஒருக்கா குடிச்சுப்போட்டு வந்து கதவை இப்படித்தான் ஒடைச்சுப்போட்டாரு கண்ணு" என்றார், எல்லார் முன்னாலும். யாரும் திடுக்கிடவில்லை. ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் உங்கள் பெயரைச் சொல்லி வாய்விட்டு ஜெபித்தேன்.

மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் அண்ணன் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து மாட்டினார். அவரும் நீங்கள் இருக்கும் அதே வார்டில் இருந்தவராம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சேரன் பஸ் பிடித்து உங்களைப் பார்க்க வருகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

குணமாகி வந்து, மெதுவாகத் தட்டுங்கள். பயப்படாமல் திறப்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் அம்மணி என்று கூப்பிடுகிறவள்