முட்டியில் மறந்த பட்டை

அன்புள்ள அப்பாவுக்கு, மூத்தவள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் புது முட்டியும் அம்மாவின் கோபமும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு வேடிக்கை. மூட்டு மாற்றியவர்கள் வீட்டில் எவ்வளவு நடக்கிறார்கள், முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் பட்டையைக் கட்டிவிடுவதுதானே என் வேலை. வாய் சொல்வதைப் பட்டை நம்பாது. சனிக்கிழமை ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக் காட்டும்போது, அவர் பெயரில் பதிந்த பட்டையை என் முட்டியில் மாட்டிக்கொண்டு, பதியாத வேறொன்றோடு அவரை அனுப்பிவிட்டேன். ஞாயிறு முழுக்க அது என் காலில்தான். குளிக்கவில்லையா என்று அம்மா கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு டிரைவரைப் பிடித்துக்கொண்டார். "பத்து நிமிஷம் சேந்தாப்ல உக்காரல. எட்டு அடிக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பி, மொத்தம் ஆறாயிரம் அடி. அப்படி எங்கதான் போனீங்க?"

"டிவி முன்னாடியேதான் கிடந்தேன் சார்," என்றார் அவர் பரிதாபமாக.

அப்போதுதான் என் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். லீவு நாளில் தனியாக அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன் என்று எப்படிச் சொல்வது? அறையைப் பெருக்கினேன் என்று சொல்லிவைத்தேன்.

நீங்களும் போனில் "நல்லா நடக்கறேம்மா" என்றுதான் சொல்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடங்கள். காலடியைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவேன். பேச வேண்டியதில்லை, நானும் இங்கே கூடவே நடப்பேன்.

அடுத்த ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். முட்டி வலித்தால் நிறுத்துங்கள். வலிக்காவிட்டால் சீக்கிரம் நிறுத்திவிடாதீர்கள்.

மூத்தவள்