குறித்த நேரமும் விட்ட நேரமும்

மார்ச் 2

காலை ஐந்தரைக்குப் பலூன் விட்டோம். தள்ளாடாமல் ஏறி ஆற்றைத் தாண்டியது. வழக்கம்போல அக்கரை நிலையத்துக்குப் போன் செய்தேன்.

"விட்டாச்சு அண்ணா. முக்கால் மணி நேரத்துல உங்க தலைக்கு மேல வரும்."

"வரட்டும் தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் கடை எப்படிப் போகுது?"

பதினோரு வருடமாகத் தினமும் இந்த ஒரு நிமிடப் பேச்சு. ஆறுதான் எல்லை. என் வானிலை நிலையம் இக்கரையில். அவருடையது அக்கரையில், வேறு நாட்டில். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. நம் பலூன் அவர்கள் வானத்துக்குள் போகிறதே, ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் தொடங்கிவைத்தது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

அவர் விசாரித்தது என் கணவரின் முடிதிருத்தும் கடையை. வடக்கு மலையில் இரண்டு நாட்டுப் படைகளும் சுட்டுக்கொள்ளத் தொடங்கி மூன்று வாரம். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தளபதிகள். ஒருவர் கழுத்தில் கத்தி இருக்கும்போதே "ஒரே அடியா அடிச்சிரணும்" என்றாராம். "முதல்ல அசையாம இருங்க" என்றாராம் இவர்.

மார்ச் 4

படையில் இருக்கும் தம்பியிடம் பேசினேன். அவனுடைய காவல் சாவடி இதே ஆற்றங்கரையில், அறுபது கிலோமீட்டர் வடக்கே. நன்றாகத் தூங்குகிறானாம். பொய் சொல்லும்போது அவன் குரல் ஒரு படி ஏறும். இன்று ஏறியது.

மார்ச் 7

அவர்களுக்குத் துணையாக ஒரு பெரிய நாடு கப்பல்களை அனுப்பியிருக்கிறது. நமக்குத் துணையாக இன்னொன்று. இரண்டு வீட்டுச் சண்டைக்குத் தெருவே சட்டைக் கையை மடித்துவிடுகிறது.

சுற்றறிக்கை வந்தது. அக்கரைக்கு எந்த அழைப்பும் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பலூனை நிறுத்தச் சொல்லவில்லை. அது மேலே போனால்தான் நாளைய விமானங்களுக்குக் காற்று தெரியும்.

பலூனில் வாயு நிரப்புகிறவர் என்னைவிட மூத்தவர், எங்களுக்கு அவர் 'சிலிண்டர்'. "சொல்லாம விட்டா அவங்க என்னம்மா நினைப்பாங்க?" என்றார்.

"அதே பலூன், அதே நேரம். பதினோரு வருஷமா பாக்கிறவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

என் மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. அம்மா அதைத் திமிர் என்பாள்.

மார்ச் 9

வாயுக் குழாயில் கசிவு. சிலிண்டர் துணியைச் சுற்றி, பசையைப் பூசி, குழாயின் பரம்பரையையே திட்டித் தீர்த்து, ஒருவழியாகப் பலூன் போனபோது மணி 6.20. ஏட்டில் 5.30 என்று பதிந்தேன்.

எல்லோரும் செய்வதுதான். பலூனில் கட்டிவிடும் பெட்டி அனுப்புவது வெப்பம், ஈரம், காற்று மட்டும். நேரத்தை நாங்கள்தான் தட்டுகிறோம். தாமதம் என்று எழுதினால் தலைமையகத்துக்கு இரண்டு பக்க விளக்கம் எழுதவேண்டும். அதனால் எத்தனை மணிக்கு விட்டாலும் ஏட்டில் குறித்த நேரம்தான் ஏறும்.

மார்ச் 9, மாலை

தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். காலை 7.35க்குத் தங்கள் வானில் பறந்த வெள்ளைப் பொருள் ஒன்றை அக்கரைப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதாம். மிச்சம் ஆற்றோடு போய்விட்டது. உளவு வேலை, பதிலடி உண்டு என்கிறார்கள்.

நம் படை அதிகாரி பதில் சொன்னார். நாம் எதையும் அனுப்பவில்லை. வானிலைப் பலூனா என்று ஏட்டைப் பார்த்தாயிற்று. அது 5.30க்குப் போய், எல்லா வானிலைப் பலூனையும் போல உயரத்தில் தானாகவே 7.15க்கு வெடித்திருக்கும். படையெடுக்கச் சாக்குத் தேடுகிறார்கள், நாம் முந்திக்கொள்வோம்.

ஏட்டைப் பார்த்தாயிற்று. என் ஏட்டை.

என்னோடதுதான் அது. ஐயோ, என்னோட பலூன்தான் அது. 6.20ஓட ஒண்ணேமுக்கால் மணி நேரத்தைக் கூட்டு — 8.05. 7.35க்கு அது அங்கதான் பறந்துட்டிருந்திருக்கும். இதுக்கு வானிலை படிக்கணுமா என்ன?

ஏழு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். "அக்கா, மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க. மூணு நாள்ல ஆத்தைத் தாண்டணுமாம். அம்மாகிட்ட சொல்லிடாத."

குரல் ஏறவே இல்லை.

மார்ச் 10

பலூன் விட வேண்டாம் என்று உத்தரவு. விடிந்ததும் தலைமையகத்தில் எங்கள் இயக்குநருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.

"இப்ப எதுக்கும்மா கிளறுறீங்க? ஏடு சரின்னு மேல சொல்லியாச்சு. இப்ப தப்புன்னா மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?"

"என் தம்பி ஆத்தங்கரையில நிக்கிறான் சார்."

"எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன். ஒரு வாரம் ஆகும்" என்றார்.

ஒரு வாரம். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்பது இவருக்குத்தான் பொருந்தும்.

யோசித்துப் பார்த்தேன். அக்கரைக்குப் போன் செய்யக்கூடாது, செய்யவில்லை. ஆனால் பலூன் அனுப்பும் எண்கள் தினமும் எல்லா நாட்டு நிலையங்களும் படிக்கும் பொதுத் தொகுப்புக்குப் போகின்றன. சண்டை என்றாலும் அதை யாரும் மூடுவதில்லை. எல்லோருடைய விமானமும் பறக்கவேண்டுமே. அதில் தன் தவறைத் தானே திருத்த, எண்களைப் பதிகிற என்னைப் போன்ற ஒவ்வொரு பார்வையாளருக்கும் உரிமை உண்டு. யார் அனுமதியும் வேண்டாம். இத்தனை வருடத்தில் இரண்டு திருத்தம் அனுப்பியிருக்கிறேன், இரண்டும் தசமப் புள்ளி இடம் மாறியதற்கு.

தட்டினேன். 'ஒன்பதாம் தேதி காலைப் பலூன். விட்ட நேரம் 5.30 அல்ல, 6.20. தவறு பார்வையாளருடையது.'

"வேலை போயிரும்மா" என்றார் சிலிண்டர்.

"போனா கடையில சோப்பு நுரை அடிச்சுக் குடுக்கிறேன்."

அனுப்பினேன். இயக்குநருக்கும் ஒரு நகல்.

அக்கரை அண்ணன் படிப்பார். என் புள்ளி இடம் மாறியதை இரண்டு தடவையும் கண்டுபிடித்தது அவர்தான். இது திமிர் இல்லை. எனக்கு அந்த மனிதரைத் தெரியும்.

மார்ச் 11

தொகுப்பில் பதில் இல்லை. தம்பி போனை எடுக்கவில்லை. கணவர் கடையைத் திறக்கவில்லை. "கை நிதானமா இல்ல. யார் காதையாவது அறுத்துடுவேன்" என்றார். இருவரும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தோம்.

மார்ச் 12

காலை 6.10. தொகுப்பில் அக்கரை நிலையத்திலிருந்து ஒரு செய்தி.

'ஒன்பதாம் தேதி. விட்ட நேரம் 6.20 எனக் கொண்டு அன்றைய காற்றை வைத்துக் கணக்கிட்டோம். 7.35க்கு இடமும் உயரமும் பொருந்துகின்றன. பொருள் வானிலைப் பலூன்.'

அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை. என் பெயருக்கு ஒரு விளக்கக் கடிதம் வரும் என்றால், இதைப் பொதுவில் எழுதியவருக்கு அங்கே என்ன வரும் என்று நினைத்தேன்.

மதியம் அவர்கள் அதிகாரி 'பலூனாக இருக்கலாம்' என்றார். நம் அதிகாரி 'எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம்' என்றார். இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெடிக்கட்டும், அங்கேயே வெடிக்கட்டும். கப்பல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றனவாம்.

மாலையில் தம்பி கூப்பிட்டான். "மூட்டையைப் பிரிக்கச் சொல்லிட்டாங்க அக்கா. யாரோ ஒருத்தி நேரத்தைத் தப்பா எழுதிட்டாளாம். அவளால மூணு நாளா பூட்ஸோட தூங்கறோம். உங்க ஆபீஸ்தானே, பாத்தா நல்லா நாலு கேளு."

"கேக்கிறேன்டா" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மார்ச் 20

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்று இரண்டு பக்கத்துக்குச் சோம்பல்பட்டேன். இன்று பதினான்காம் பக்கத்தில் இருக்கிறேன்.

மார்ச் 29

வேலை போகவில்லை. கண்டிப்பு மட்டும். சிலிண்டருக்குப் புதுக் குழாய் வந்தது. அதற்கும் ஏதாவது வசவு கண்டுபிடித்துவிடுவார்.

ஏப்ரல் 6

வடக்கில் பேச்சுவார்த்தை. சுடுவது நின்றபாடில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. கப்பல்கள் திரும்பிவிட்டன. நேற்றுப் புதுச் சுற்றறிக்கை வந்தது. பலூன் விடலாம். விட்டதும் அக்கரைக்கு ஓர் அழைப்பு கட்டாயம். நேரத்தை மட்டும் சொல்லவேண்டும். இத்தனை காலம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது இப்போது விதி எண் நான்கு.

புதுக் குழாய் முறுக்கிக்கொண்டது. கொஞ்சம் தாமதம். போனைக் கையில் எடுத்தபோதுதான் ஒரு பயம் வந்தது: வேறு யாராவது எடுத்தால்?

"சொல்லு தங்கச்சி."

அவரேதான்.

"விட்டாச்சு அண்ணா. அஞ்சு நாப்பத்தேழு."

"அஞ்சு... நாப்பத்தேழு." எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. இருவரும் வைக்கவில்லை.

"கடை திறந்திருக்கு அண்ணா" என்றேன்.

"சந்தோஷம்" என்றார். வைத்துவிட்டார்.

ஏட்டில் 5.47 என்று எழுதினேன். தாமதத்துக்கு விளக்கம் இரண்டு பக்கம், மதியத்துக்குள் அனுப்பவேண்டும்.