தவராசாவிடம் கொடுத்து வைத்த கதைகள்

பெப். 16, திங்கள்

விடியலில் தூறல். வாவி கலங்கல். செய்ய வேண்டியவை: மோ. சைக்கிளுக்குப் பெற்றோல், பத்தாம் வகுப்பு வினாத்தாள், புத்தகத்துக்கு முன்னுரை. ஒன்றும் முடியவில்லை.

ஏழு மணிப் பாதையில், வாவியைக் கடக்கும் அந்த எஞ்சின் மிதவையில், மோ. சைக்கிளோடு ஏறினேன். நெல் மூட்டைகள், இரண்டு மாடு, மற்ற ஆசிரியர்கள். நடு வாவியில் ஒரு கதை தோன்றியது. இதுவரை தோன்றியவற்றில் ஆக நல்லது. புத்தகத்துக்கு ஒரு கதை குறைகிறது என்று அச்சகத்தார் சொல்லியிருந்தார்கள். இதைத்தான் வைக்க வேண்டும்.

எழுதி வைக்கவில்லை. தோன்றிய உடனே கடதாசியில் இறக்கினால் கதை செத்துப்போகும் என்று எனக்கொரு பிடிவாதம். போனில் சொல்லிப் பதியலாம். மாட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க யார் சொல்வது? வழக்கம்போலப் பாதை ஓட்டும் தவராசாவிடம் சொன்னேன்.

"நீங்க போங்க சேர், நான் வெச்சிரிக்கன்."

இருபது வருடமாக இதே பதில். காலையில் கொடுப்பேன். அக்கரையில், படுவான்கரைப் பள்ளியில் ஆறு பாடம் எடுத்து எல்லாவற்றையும் மறப்பேன். பின்னேரம் திரும்பும்போது வாங்கிக்கொள்வேன்.

இன்று வாங்கவில்லை. மட்டக்களப்பில் கூட்டம், பாலத்தால் சுற்றி வீடு வந்தேன். நாளைக்குக் கேட்கலாம்.

பெப். 17, செவ்வாய்

வெயில். பாதையில் வேறொருவர்.

"தவராசாண்ணன் விடிய முகம் கழுவக்குள்ள விழுந்திட்டாரு சேர். வாய் ஒரு பக்கம் இழுத்திட்டு. ஆசுப்பத்திரியில வெச்சிரிக்கு."

எனக்கு முதலில் வந்த நினைப்பு: ஐயோ, என் கதை. அவன் உயிர் இரண்டாவதாகத்தான் வந்தது. யாரும் வாசிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். அப்படியும் கூசுகிறது.

பெப். 18, புதன்

மூன்றாம் பாடத்தில் ஒளித்தெறிப்பு. பிள்ளைகள் வரைந்துகொண்டிருக்க நான் கதையைத் தேடினேன். ஒரு பெண் வந்தாளா? கிணறு? யாரோ எதையோ திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். இல்லை, அது வேறு கதை. உப்பு? ஏன் உப்பு என்று தெரியவில்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரி. பாரிசவாதம். வலக்கை, வலக்கால் அசைவில்லை. பேச்சு இல்லை. என்னைக் கண்டதும் கண் மட்டும் சிரித்தது. அவன் பெண்சாதி யோகம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டானா, ஊசி போட்டார்களா என்று முறையாக எல்லாம் விசாரித்தேன். அவள் கோப்பை கழுவ எழும்பியதும் குனிந்து காதருகில் கேட்டேன்.

"தவம், திங்கட்கிழமை என்ன சொன்னன்?"

அவன் வாயைத் திறந்தான். ம், ம் என்று ஒரு சத்தம். கழுத்து நரம்பு புடைத்தது. எச்சில் வழிந்தது. கோப்பையோடு யோகம் வாசலில் நின்றிருந்தாள். வந்து அவன் வாயைத் துடைத்தாள்.

பெப். 20, வெள்ளி

அப்பிள் வேண்டாம், தோடம்பழம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள் யோகம். கொண்டுபோனேன். தவம் தூக்கம். வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

"சேர், அவர வருத்தாதீங்க. நீங்க கேக்கிறது அவருக்கிட்ட இல்ல."

மறந்திருப்பான், பரவாயில்லை என்றேன்.

"மறக்கிறதுக்கு முதல் கேக்க வேணுமே. அந்த எஞ்சின் சத்தத்தில நீங்க சொல்லுறது பாதி அவருக்குக் கேக்கிறல்ல. மறுகா பின்னேரம் நீங்க வந்து கேப்பீங்க எண்டு பகல் முழுக்க இருந்து யோசிச்சு ஒண்டக் கட்டுவாரு. மத்தியானம் சோறு திங்க வந்தா எனக்குத்தான் முதல் சொல்லிக் காட்டுற. சரியா வரல்லாட்டிச் சோறும் இறங்கா."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க வெக்கப்படுவீங்களாம். சேர் வெறுங்கையோட வீட்ட போகப்படா எண்டுவாரு."

எல்லாக் கதையுமா என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள், "கனக்க. எண்ண ஏலா."

வீட்டில் அச்சுப்பிரதியை விரித்துவைத்துப் பார்த்தேன். எது என்னுடையது? தெரியவில்லை. அவன் திருப்பிச் சொல்லும்போதெல்லாம், ஓம், இதைத்தான் சொன்னேன் என்று தலையாட்டியிருக்கிறேன். காலையில் தோன்றியதைவிட நன்றாக இருக்கிறதே என்று என் மூளையை நானே மெச்சியிருக்கிறேன். மடையன். பாராட்டுக் கூட்டத்தில் மாலை வேறு.

பெப். 22, ஞாயிறு

காற்று. இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. அச்சுப்பிரதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திங்கட்கிழமைக் கதையைக் கேட்கவில்லை. அது நல்ல கதைதானா என்பதே இனித் தெரியப்போவதில்லை.

அவன் கட்டிலருகே இருந்து, எல்லாரும் புகழ்ந்த அந்தக் கதையை வாசித்தேன். பெண்சாதி கோபித்துக்கொண்டு பாதை ஏறி அக்கரைக்குப் போகும் கதை. கண்ணை மூடிக் கேட்டான். கடைசி வரி, "அவள் திரும்பி வரவேயில்லை." இடக்கை எழும்பியது. இல்லை, இல்லை என்று ஆட்டினான்.

நினைவு வந்தது. முடிவை நான்தான் மாற்றினேன். சோகமாக இருந்தால் இலக்கியம் என்று.

"வந்தவளா?"

கண்ணை மூடித் திறந்தான்.

"எப்ப? அடுத்த நாளா?"

இல்லை.

"அண்டைக்கே?"

மூடித் திறந்தான். யோகம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். கடைசி வரியை வெட்டினேன். வெளியே வந்து அழுதேன். அவன் முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை.

திரும்ப உள்ளே போய், முதற் பக்கத்தில் என் பெயரை வெட்டிவிட்டு மேலே தவராசா என்று எழுதினேன். பெயருக்கு முன்னால் முதலெழுத்து வரவேண்டும். தகப்பன் பெயர் என்ன? இருபது வருடம். யோகத்திடம் கேட்டேன்.