பிலோமினாவுக்காக

11 ஆகஸ்ட் 2015, செவ்வாய்

பிலோமினா என்று கூப்பிட்டால் மகள் திரும்புவதே இல்லை. ரியா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். பிலோமினா, சுனாமியில் போன என் நாத்தனார் பெயர். மறு வருடம் பிறந்தவளுக்கு ஆசையாக வைத்தோம்.

“அத்தைய நெனச்சுக்கிட்டு என்னையக் கூப்பிடாதீங்க. நா வேற ஆளு,” என்றாள். எனக்குக் கோபம்.

ராத்திரி ஜெபமாலை முடிந்து, இறந்தவர்களுக்காக வேண்டினோம். உயிரோடு இருக்கும் பிள்ளையின் பெயராயிற்றே என்று, தங்கை பெயரை அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் இதுவரை சொன்னதில்லை. இன்று, “எந் தங்கச்சி பிலோமினாவுக்காக” என்றார். குரல் உடைந்துவிட்டது. மகள் ஆமென் சொல்லி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“ரியா, போய்த் தூங்கும்மா,” என்றார்.

எனக்கு அந்தப் பெயர் இன்னும் வாயில் வரவில்லை. காலையில் எழுப்பும்போது மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும்.