பதினேழாவது கடுதாசி

இஞ்சாருங்கோ,

முப்பத்தொரு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போதும் வேறு விதமாய் வாயில் வரவில்லை. ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் மகள் ராணி விஷயத்தில் நீங்கள் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. போய்ச் சேர்ந்தவரோடு கோபம் வைத்திருக்கக் கூடாதாம், இங்கே பெண்டுகள் சொல்கிறார்கள். அவர்கள் தங்கள் புருஷன்மாரோடு எப்படியும் நடக்கட்டும்.

செய்தி இதுதான். எங்கள் பேத்தி கௌரிக்கு லிசே கிடைத்துவிட்டது. சர்வகலாசாலைக்குப் போகிற பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தை இங்கே பாரிசில் அப்படிச் சொல்வார்கள். போன கிழமை தொடங்கிவிட்டாள். காலையில் லா சப்பல் மெத்ரோ ரயில் படியில் அவள் ஏறிப் போவதை மூன்றாம் மாடி யன்னலில் நின்று பார்த்தேன். ஒருக்கால்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் என் தேத்தண்ணி ஆறிப்போனது.

"அம்மம்மா, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன்" என்றாள் கௌரி. வேண்டாம் என்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கைதான். ஆனாலும் இந்தக் கடுதாசி என் கையால்தான் போக வேண்டும். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும். இங்கே எங்கள் ஆட்கள் அடிக்கிற சின்ன மலரில் இதைப் போடப் போகிறார்களாம். நாலு பேர் வாசிக்கட்டும். எனக்கு வெட்கமில்லை.

ராணியின் பரீட்சை முடிவு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதோ? நீங்கள் நீலக் கோடு போட்ட சேர்ட் போட்டிருந்தீர்கள். மூன்றாவது பொத்தான் இல்லை. டாக்டர் படிப்புக்குத் தாராளமாய்க் காணும் என்று எல்லாரும் சொன்ன புள்ளி. பிறகுதான் தரப்படுத்தல் என்றார்கள். ஒரே கேள்வி, ஒரே நாள், ஒரே பரீட்சை. ஆனால் தமிழில் எழுதின பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதின பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளி. எங்கள் ராணி அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

அவள் அழவில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு முறைப்பாடு எழுதிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் வைத்தாள். "அப்பா, இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோ. அடுத்த முறையும் சோதினை எடுக்க விடுங்கோ." நீங்கள் கச்சேரியில் கிளார்க். "அரசாங்கச் சம்பளம் எடுக்கிறவன் அரசாங்கத்தோட கொளுவ ஏலாது, பிள்ளை. படிச்சது காணும்" என்றீர்கள். கடுதாசியை நாலாய் மடித்து மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினீர்கள். அடுத்த ஆவணியில் அவளுக்குக் கலியாணம்.

நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் போட்டுப் பார்த்திருக்கலாமே?

அந்த ராணி இப்போது பாரிசில் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்குகிறாள். மருமகன் ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிறார். கௌரி பதினொரு வயதில் இங்கே வந்தாள். முதல் வருஷம் பிரெஞ்சு கதைத்தாள். இரண்டாம் வருஷம் பிரெஞ்சில் சண்டை பிடித்தாள்.

அதுதான் வினையாய் வந்தது. நாங்கள் இருக்கிற ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் சனத்துக்கு என்ன கடுதாசி வந்தாலும் கௌரி வேண்டும். அகதிப் பத்திரம் புதுப்பிக்கப் பிறிபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோருக்கு, பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு, வீட்டுக்காரனோடு வழக்குப் பேச. "மாமி, பெட்டையை ஒருக்கால் அனுப்புங்கோ, அரைநாள்தான்" என்று வந்து நிற்பார்கள். நான் அனுப்பினேன். என் கண்ணைக் காட்டவும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். பிறிபெக்சரில் ஒரு தவணை தவறினால் ஆளை ஊருக்குத் திருப்பி ஏற்றிவிடுவான் என்று பயம். பள்ளிக்கூடம் எங்கே ஓடிப்போகப் போகிறது என்று ஒரு நினைப்பு.

இந்த ஆனியில் பள்ளிக்கூடத்திலிருந்து முத்திரை குத்தின கடுதாசி ஒன்று வந்தது. முத்திரையைக் கண்டால் ராணியின் கை தானாகப் பேனையைத் தேடும். இங்கே எங்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம்தான். கந்தோர் யன்னலில் நின்று கேள்வி கேட்பதில்லை. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவோம். இதையும் அப்படி நினைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். நீங்கள் போட வேண்டிய இடத்தில் போடவில்லை. உங்கள் மகள் போடக் கூடாத இடத்தில் போட்டாள்.

அன்று பின்னேரம் கௌரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன மோனை?"

"சே பா கிராவ், அம்மம்மா." பரவாயில்லை என்று அர்த்தம்.

"பரவாயில்லை எண்டு சொல்லுற மூஞ்சை இது இல்லை. சொல்லு."

"என்னைத் தையல் பள்ளிக்கூடத்துக்குப் போட்டிட்டினம். அம்மா சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சிட்டா."

"தையலுக்கு ஆரார் போகினம்?"

"நான், கீழ்வீட்டுக் கதீஜா, மாலி நாட்டுப் பிள்ளையள் ரண்டு பேர்."

"உன்னோட வாற அந்த வெள்ளைப் பெடியன், லோரான்?"

"அவன் லிசே."

"கணக்கில உனக்கு இருபதுக்குப் பதினாலு. அவனுக்கு எவ்வளவு?"

"பத்து."

எனக்கு உங்கள் நீலக் கோட்டுச் சேர்ட் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே பாஷையைப் பார்த்து வெட்டினார்கள். இங்கே எதைப் பார்த்து? யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்தால் அஞ்சாம் வகுப்புக்காரிக்கும் தெரிகிறது.

அடுத்த நாள் ராணியை வேலைக்குப் போகவிடாமல் மறித்து, மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை நல்ல மரியாதையானவ. கதிரை தந்தா, சிரித்தா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ராணிக்கு அரைகுறை என்பதால் கௌரிதான் நடுவில். நடுவில் நிற்கிறவள் ஒன்றைக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று அவளைப் பழக்கினது நான். அந்தப் பிள்ளை தனக்கு எதிரான கதையையும் அப்படியே சொன்னது.

"அம்மம்மா, என்ர புள்ளி காணுமாம். ஆனா பதினேழு அரைநாள் நான் வரேல்லையாம். குடும்பத்துக்குப் படிப்பில அக்கறை இல்லையாம். எங்களை மாதிரி ஆக்களுக்குக் கெதியா உழைக்கிற படிப்புத்தான் நல்லதாம். எனக்குத் தையலுக்கு ஏத்த விரலாம்."

"உன்ர விரலை இவ எங்கை கண்டவ? பொத்தான் தைக்கத் தெரியாது உனக்கு. கேள்!"

கௌரி அதையும் பிரெஞ்சில் சொன்னாள், பொத்தானையும் விடாமல். தலைமையாசிரியை சிரிப்பதை நிறுத்திவிட்டு, ராணி கையெழுத்துப் போட்ட கடுதாசியை எடுத்து மேசையில் வைத்தா. ராணி தலையைக் குனிந்துகொண்டாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் உங்கள் மேசைக்கு முன்னால் நின்ற அதே குனிவு.

நான் கௌரியைக் கேட்டேன்: "மோனை, மற்ற ஆக்களின்ர கடுதாசி வாசிக்கேக்கை நீ முதல் எங்கை பாப்பாய்?"

"பின்பக்கம்."

"உன்ரயைப் பாத்தனியோ?"

ஊர்க் கடுதாசி எல்லாம் பிரட்டிப் பார்த்த பிள்ளை, தன் கடுதாசியைப் பிரட்டவில்லை. இப்போது மேசையில் இருந்ததை எடுத்துப் பிரட்டினாள். சின்ன எழுத்தில் இருந்தது: சம்மதம் இல்லாவிட்டால் மூன்று நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம், வேறு ஒரு குழு விசாரிக்கும். அன்று இரண்டாம் நாள்.

ராணி எழும்பி வெளியே போனாள். தாழ்வாரத்து வாங்கில் குந்தியிருந்து, கௌரியிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு, சம்மதம் இல்லை என்று பிரெஞ்சில் எழுதினாள். இரண்டு பக்கம். கடைசியில் வைத்த கையெழுத்து அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.

அக்கறை இல்லாத குடும்பம் என்ற சொல் எனக்குள் நின்று எரிந்தது. பதினேழு அரைநாளையும் மனதில் அடுக்கினேன். எனக்கு எழுதி வைக்கத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும்தானே. கண் ஆஸ்பத்திரி நாலு. மேல்வீட்டுப் பார்வதியின் பிள்ளைப்பேறு இரண்டு. பலசரக்குக் கடைக்காரரின் வீட்டு வழக்கு நாலு. எங்கள் ஊர்ச் சங்கரப்பிள்ளையரோடு, நகரத்துக்கு வெளியே பொபினிப் பிறிபெக்சருக்கு ஆறு. எங்கள் ஆட்கள் சாப்பாட்டை எறிந்தாலும் கந்தோரில் கூப்பிட்ட கடுதாசியை எறியமாட்டார்கள். நாளும் நேரமும் முத்திரையோடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். அதைச் சேர்க்கப் புறப்பட்டேன்.

எல்லா வீடும் சுகம், சங்கரப்பிள்ளையர் வீட்டைத் தவிர. தன் மகளின் கலியாணத்தில் உங்களை இரண்டாம் பந்தியில் இருத்தின மனிசன். ஒன்பது வருஷமாய் நான் அந்த ஆளோடு கதைப்பதில்லை. கௌரியைக் கேட்கவும் தன் மனிசியைத்தான் அனுப்புவார். பொபினியில் அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"வாங்கோ அக்கா! ஒம்பது வருஷத்துக்குப் பிறகு வழி தெரிஞ்சுதோ?"

"பயப்பிடாதேங்கோ, சாப்பிட வரேல்ல. எந்தப் பந்தி எண்டு கேக்கமாட்டன். பெட்டையைக் கூட்டிக்கொண்டு போன ஆறு நாள் கடுதாசியும் வேணும்."

"எந்த ஆறு நாள் எண்டு ஆருக்கு ஞாபகம்?"

"எனக்கு."

சொன்னேன். மழை பெய்த நாள், மெத்ரோ ஓடாத நாள், யன்னல்காரி அவரைக் கத்தித் துரத்தின நாள். மனிசன் கட்டிலுக்குக் கீழிருந்து பையை இழுத்து ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார். ஆறும் இருந்தது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. "எனக்காகக் கதைக்க வந்த பிள்ளை" என்று ஒவ்வொன்றின் பின்னாலும் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தார். "அக்கா, நான்தான் அவளைக் கெடுத்துப்போட்டன் போல" என்றார். "நாங்கள் எல்லாரும்தான்" என்றேன். அங்கே தேத்தண்ணி குடித்தேன். பந்தி விஷயம் அப்படியே இருக்கிறது.

பதினாறு சேர்ந்தது. பதினேழாவதற்குக் கடுதாசி இல்லை. ஏன் தெரியுமா? அது மாசியில் வந்த உங்கள் திவசம். பேத்தி கையால் உங்களுக்கு ஒரு பிடி சோறு வைக்க வேண்டும் என்று நான்தான் அவளை வீட்டில் மறித்தேன்.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர். நடுவில் இருந்த மொட்டைத் தலைக்காரர் எங்கள் கடுதாசிக் கட்டை வாங்கிப் பள்ளிக்கூட வரவு இடாப்போடு நாள் நாளாய்ச் சரி பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

"பதினாறு இருக்காம் அம்மம்மா. மற்றது எங்கையாம்?"

"அது என்ர மனிசன்ர திவசம் எண்டு சொல்லு. செத்தவர் கடுதாசி தரமாட்டார். உயிரோட இருக்கேக்கையே கையெழுத்துப் போடாத மனிசன்."

கௌரி கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஓரத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கட்டாயம் வேண்டுமென்றால் பிறகு எழுதிக் கொண்டுவருகிறேன் என்றேன். தேவையில்லை மதாம் என்றார் அவர். பிறகு கௌரியைப் பார்த்து, தான் இத்தனை வருஷம் இடாப்பு மட்டும்தான் பார்த்ததாகச் சொன்னார். அதையும் அவள் எனக்குச் சொன்னாள், அதே குரலில். காதுமட்டும் சிவந்திருந்தது.

நாலாம் நாள் முடிவு வந்தது. ராணி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு பிரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. அப்போதுதான் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாய்ப் பார்த்தது அவளுடைய பரீட்சைக்கு முந்தின வருஷம்.

கதீஜாவின் தாயிடமும் அன்றே ஓடினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபு தெரியாது. கடுதாசியைப் பிரட்டிக் காட்டினேன். மூன்று நாளும் கடந்துவிட்டிருந்தது. அந்தப் பிள்ளை தையலுக்குப் போகிறது. அதுவும் என் கணக்கில் மறக்காமல் இருக்கும்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு சட்டம். கௌரியோ வேறு எந்தப் பிள்ளையோ, பள்ளிக்கூட நேரத்தில் யாரும் கூட்டிப் போகக் கூடாது. புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை, அப்போது கேட்கலாம். வாசலில் நான் நிற்கிறேன். மறந்து வருகிற ஆட்களுக்கு மறதி போய்விடும். பிறிபெக்சருக்கு இனி நானே போகப் போகிறேன். கௌரி எனக்குப் பிரெஞ்சு எழுத்துக் காட்டித் தருகிறாள். மோசமான வாத்தியார், பிழை விட்டால் சிரிக்கிறாள்.

உங்களை இப்போது அரைவாசி மன்னித்துவிட்டேன். மற்ற அரைவாசிக்கு மூன்று வருஷம் பொறுங்கள். இந்தப் படிப்பு முடிகிற பரீட்சையில் கௌரி தேறட்டும். அதுவரைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தக் கடுதாசியையும் பின்பக்கம் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

தேவையில்லை என்று அந்த மனிதர் சொன்னாலும், எழுதித் தருகிறேன் என்று சொன்னவள் நான். இதுதான் அந்தப் பதினேழாவது கடுதாசி. மாசி மாதம் அந்த அரைநாள் எங்கள் பேத்தி உங்களோடுதான் இருந்தாள். என் பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். இந்த முறையாவது போடுங்கள்.

உங்கட மனிசி,
ராணியின்ர அம்மா, கௌரியின்ர அம்மம்மா

.................................