வெடி கொளுத்தாமல் அனுப்பிவிட்டேன்

இஞ்சாருங்கோ,

முப்பத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்திலாவது பெயரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நாளைக்கு உங்கள் அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வீடு சனமாகிவிடும். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

குசினி மூலையில் கறுப்பிக் கோழியை அடைக்கு வைத்தது நினைவிருக்கிறதா? பனையோலைக் கடகத்தில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, பதின்மூன்று முட்டைக்கும் பென்சிலால் புள்ளடி போட்டீர்கள். வேறு கோழி வந்து இட்டால் தெரியவேண்டுமாம். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று ஓர் ஆணியும் கரித்துண்டும் பக்கத்தில் வைத்தீர்கள். "எனக்குக் காய்ச்சல் வந்தால் இந்தக் கவனிப்பு இல்லை" என்று நான் நக்கலடித்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. போன முறை இடிமழையில் அத்தனையும் கூழ்முட்டையானது உங்களுக்கு ஆறவேயில்லை. "பாவம், இருவத்தொரு நாள் தின்னாமல் குடியாமல் கிடந்தும் அவளுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை. இந்தமுறை இவளை ஏமாத்தக் கூடாதப்பா" என்றீர்கள்.

ஏழாம் நாள் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கரு இல்லாத இரண்டை எடுத்துவிட்டீர்கள். மிச்சம் பதினொன்று. ஒன்றை எனக்கும் காட்டினீர்கள். உள்ளே சிவப்பு நரம்பு, நடுவில் ஒரு பொட்டு துடித்தது. அடுத்த நாள் காலை கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லையே, குசினி வெறுமையாகக் கிடந்தது. கறுப்பி மட்டும் உள்ளே. நெளுக்குளத்திலிருந்து வந்த உங்கள் தம்பி ரவி, குசினி யன்னலுக்கு நேரே முற்றத்தில் சீனவெடிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இடிக்கே கூழாகும் முட்டை வெடிக்கு என்ன ஆகும்? நான் எழும்பிப் போனேன்.

"வெடி வேண்டாம் தம்பி."

"என்ன மச்சாள் சொல்லுறியள்? அண்ணையை அனாதைப் பிணம் மாதிரி அனுப்பச் சொல்லுறியளோ?"

"குசினிக்குள்ளை கோழி அடை கிடக்குது. உங்கடை அண்ணர் வைச்சது."

"அதுக்கென்ன, கடகத்தைத் தூக்கிப் பக்கத்து வீட்டிலை வைப்பம்."

"இடம் மாத்தினால் எழும்பிப் போயிடும். பிறகு படுக்காது."

முற்றமே திரும்பி என்னைப் பார்த்தது. "கவலையிலை அவாவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. ரவி வெடியைச் சுற்றி வைத்துவிட்டார்.

வட்டக்கச்சியில் யாருடைய நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாகப் போய் நின்றவர் நீங்கள். உங்களுக்கு ஊர் செய்யவேண்டிய மரியாதையை நான் பதினொரு முட்டைக்காக மறித்துவிட்டேன். அது சரியா, பிழையா? இப்படியான விஷயங்களை நான் உங்களிடம்தானே கேட்பேன். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்தபோதும் ரவி என்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கறுப்பிக்கு முன்னால் போய்க் குந்தியிருந்தேன். டோர்ச் பிடித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை. பொரிக்காவிட்டால் நான் எந்த முகத்தோடு உங்கள் படத்துக்கு விளக்கு வைப்பது? மற்றக் கோழிகளுக்குத் தீன் போட்டு, உங்களைப் போலவே "பா... பா..." என்று கூப்பிடுவேன். அவை வாசல் படலைப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் தின்னும். இல்லை, படலையைப் பார்த்தது நான்தான்.

இருபத்தோராம் நாளும் ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை முகம் கழுவிக்கொண்டு நிற்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கறுப்பியின் செட்டைக்குக் கீழே ஈரத்தோடு ஒரு சின்னத் தலை. பின்னேரத்துக்குள் எட்டுக் குஞ்சுகள். மூன்று பொரிக்கவில்லை. உடைந்த ஓடொன்றில் உங்கள் புள்ளடி பாதி இருந்தது. அதை அலுமாரியில் உங்கள் சேட்டுக்குள் சுற்றி வைத்திருக்கிறேன்.

இன்றைக்குக் காலை அந்தியேட்டிச் சாமான்களோடு ரவி வந்தார். முற்றத்தில் குஞ்சுகள் ஓடித் திரிவதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து அதே சீனவெடிக் கட்டை வெளியே எடுத்தார். இவ்வளவு நாளும் வைத்திருந்திருக்கிறார்.

"இப்ப பொரிச்சிட்டுதுதானே, மச்சாள்?"

"குஞ்சுகள் பயப்படும், தம்பி."

"வாய்க்காலுக்கு அங்காலை கொண்டுபோறன். நீங்கள் இதுகளைப் பாத்துக்கொள்ளுங்கோ."

கறுப்பியையும் குஞ்சுகளையும் பெரிய கடகத்தால் மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். வயலுக்கு அப்பாலிருந்து வெடி கேட்கத் தொடங்கியது. நிறுத்தாமல் கேட்டது. கடகத்துக்குள் கறுப்பி குஞ்சுகளைக் கூப்பிட்டு அணைத்துக்கொண்டாள். நீங்கள் இப்போதுதான் படலையைத் தாண்டிப் போவதுபோல இருந்தது. அன்றைக்கு வராத அழுகை முழுவதும் அப்போது வந்தது. "போகாதேங்கோ" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இனி அடை வைக்கும்போது புள்ளடி நான் போடுவேன், ஆணியும் கரியும் மறக்காமல் வைப்பேன். கறுப்பியை ஒருபோதும் ஏமாற்றமாட்டேன். நீங்கள்தான் என்னை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டீர்கள்.

"என்னப்பா" என்று நீங்கள் கூப்பிடுவதற்கு இன்னும் காது கொடுத்துக்கொண்டிருக்கும்
உங்கள் மனிசி,
கமலா